ஆறு வருடம் வளர்த்த கிளியை மொட்டை மாடியில் திறந்து விடலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். ஆறு வருடத்துக்கு முன்பு, கூடையோடு தெருவில் வந்தவரிடம் முடிகூட முளைக்காத ஒரு கிளிக்குஞ்சை வாங்கினோம். நாங்களே ஊட்டி வளர்த்தோம். இப்போது கழுத்தில் வளையம் விழுந்த ஆண் கிளி. எங்கள் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். தயிர்சாதம், பிஸ்கட், சூரியகாந்தி விதை சாப்பிடும். ரெக்கையை வருடத்துக்கு ஒரு தடவை வெட்டிவிடுவோம். கிளி வளர்த்தால் கேஸ் போடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். 'மாடியில் கூண்டைத் திறந்து வைத்தால் தானாகப் போய்விடும்' என்கிறார் என் கணவர். மகள் அழுகிறாள். வெளியே விட்டால் பிழைத்துக்கொள்ளுமா? வனத்துறை ஆபீஸில் கொடுப்பதென்றால் எங்கே, எப்படிக் கொடுப்பது? அதுவரை என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

பதில்: மாடியில் திறந்து விடாதீர்கள். மற்றதைப் படிப்பதற்கு முன் வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். கையில் ஊட்டி வளர்ந்த, ரெக்கை வெட்டிய கிளியை ஊருக்குள் விடுவது அதைச் சாகவிடுவதுதான். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. ஆனால் கூண்டை வாசலில் வைத்துவிட்டு வருகிற வேலையாக அது இருக்கக் கூடாது. அதற்குக் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உங்களிடம் இருப்பது செந்தார்ப் பைங்கிளி, நாம் பச்சைக்கிளி என்று சொல்வது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இந்தக் கிளி இரண்டாம் அட்டவணையில் வருகிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'இது காட்டில் பிடித்ததில்லை, பண்ணையில் பொரித்தது' என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. கூண்டில் பிறந்ததையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது, அந்தப் பேச்சு எடுபடாது. கிளிக்கு லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் கடலூர் பக்கம் தென்னம்பாக்கத்தில் ஜோதிடக் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்ததும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். நாம் பொதுவாக 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகள் வேறு, அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்ற வெளிநாட்டு இனங்களை 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இனி, விட்டால் ஏன் பிழைக்காது என்பது.

முதலில் ரெக்கையைப் பாருங்கள். ஒரு மெல்லிய பருத்தித் துண்டால் கிளியைப் போர்த்தி, கழுத்தின் இரு பக்கமும் விரலால் அணைத்துப் பிடியுங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே விட முடியும், இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு நின்றுவிடும். மெதுவாக ஒரு ரெக்கையை விரித்தால் நுனிப்பக்கம் பத்து நீளமான இறகுகள் தெரியும். வெட்டாத இறகின் முனை கூம்பியிருக்கும், ஓரம் வழவழப்பாக இருக்கும். வெட்டியது சதுரமாக முடியும், நடுத்தண்டு திறந்த குழாயாகத் தெரியும். வெட்டிய இறகு நம் நகத்தைப் போல வளராது. அந்த இறகு தானாக உதிர்ந்து, அதே குழியிலிருந்து புதிது முளைத்தால்தான் உண்டு. கிளி இறகு உதிர்ப்பது ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறை. அதாவது இன்றைக்கு வெட்டுவதை நிறுத்தினாலும் முழு ரெக்கை திரும்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். சீக்கிரம் முளைக்கட்டும் என்று அடிக்குருத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். ரத்தம் கொட்டும், குழி கெட்டுப்போனால் அந்த இடத்தில் இறகே வராமல் போகலாம்.

இறகு வந்துவிட்டால் மட்டும் பறந்துவிடுமா? பறப்பதற்கான சதை நெஞ்சில் இருக்கிறது. ஆறு வருடமாகக் கூண்டில் ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்குத் தாவியது மட்டுமே அந்தச் சதை செய்த வேலை. மாடியிலிருந்து கிளம்பினால் பத்திருபது மீட்டர் தள்ளி, பெரும்பாலும் கீழ்நோக்கியே போய், மதில் மேலோ தரையிலோ உட்காரும். அடுத்த சில நிமிடங்களில் காக்கைகள் கூடிவிடும். பழக்கமில்லாத இடத்தில் தடுமாறுகிற பறவையைக் காக்கை விடுவதே இல்லை, தலையில்தான் கொத்தும். காக்கைக்குத் தப்பினால் பூனை, வல்லூறு. தப்பிக்க எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதே உங்கள் கிளிக்குத் தெரியாது.

காட்டுக் கிளிக்குஞ்சு பொந்தை விட்டு வெளியே வர ஏழு வாரம் ஆகிறது. அதற்குப் பிறகும் சில வாரம் தாயும் தகப்பனும் ஊட்டிக்கொண்டே கூடக் கூட்டிப் போகும். எந்த மரத்தில் எப்போது பழம், எந்தச் சத்தத்துக்குக் கூட்டமே எழும்ப வேண்டும், இரவு எங்கே அடைய வேண்டும் என்பதெல்லாம் அந்த நாட்களில்தான் பழகுகிறது. உங்கள் கிளி அந்த நாட்களை உங்கள் வீட்டுக் கூடத்தில் கழித்தது. பசித்தால் மனிதர் கிண்ணம் கொண்டு வருவார் என்பதுதான் அது கற்றது. ஆகவே வெளியே விட்டால் பசி வந்ததும் மனிதரைத் தேடியே வரும், முன்பின் தெரியாதவர் தோளில் உட்காரும். கல்லடி படும், அல்லது மறுபடி பிடித்து விற்கப்படும். அதன் தீனி, பறப்பு, பயம் மூன்றையும் நாம் மாற்றிவிட்டோம். பழியைக் கதவின் மேல் போட்டுவிட்டு விலகிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு காரணம் உங்கள் கிளியைத் தாண்டியது. கூண்டுப் பறவைகளிடையே அலகையும் இறகையும் சிதைக்கும் ஒரு வைரஸ் நோய் உண்டு. வெளியே நன்றாகத் தெரியும் கிளியும் அதைச் சுமக்கலாம். சோதிக்காமல் விட்ட ஒரு கிளி, கோயில் கோபுரப் பொந்திலும் மொட்டைப் பனையிலும் குடியிருக்கும் கூட்டத்துக்கே அதைக் கொண்டு போய்விடலாம்.

அடுத்து, ஒப்படைக்கும் வரை செய்ய வேண்டியவை. ரெக்கை வெட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். கூண்டு, கிளி இரண்டு ரெக்கையையும் விரித்து அடித்தால் எந்தப் பக்கமும் தட்டாத அளவுக்கு இருக்க வேண்டும். விரித்த ரெக்கை 45 செ.மீ. சுமாருக்கு வரும், வாலோடு உடல் 40 செ.மீ. ஆகவே 60 செ.மீ. அகலமும் ஆழமும், 90 செ.மீ. உயரமும் குறைந்தபட்சம். கடைகளில் தொங்கும் வட்டக் கூண்டு எதற்கும் உதவாது. வால் நுனி எப்போதும் கம்பியில் உரசிப் பிய்ந்துபோகும். கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, கொய்யா, வேம்பு, முருங்கைக் கிளைகளைத் தோலோடு வெட்டி வையுங்கள். ஒன்றரை செ.மீ. முதல் இரண்டரை செ.மீ. வரை வேறு வேறு பருமனில் இருக்கட்டும். ஒரே பருமனுள்ள குச்சியில் வருடக்கணக்காக நின்றால் பாதத்தின் ஒரே இடம் அழுந்தி, தோல் சிவந்து, புண்ணாகிச் சீழ் வைக்கும். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். தோலில் சிறு மணிகளாக இருக்கும் சொரசொரப்பு மறைந்து, வழவழவென்று இளஞ்சிவப்பாக இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கூண்டைச் சமையலறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து கருகினால் வரும் புகை, நமக்கு வாடைகூடத் தெரிவதற்கு முன்பே கிளியைக் கொன்றுவிடும். கொசுவர்த்தியும் அதே அறையில் வேண்டாம். இரவு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். டிவி ஓடும் கூடத்தில் பதினோரு மணி வரை விழித்திருக்கும் கிளி, நாளடைவில் தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கலாம்.

தீனியில்தான் உங்கள் வீட்டில் பெரிய மாற்றம் தேவை. தயிர்சாதமும் பிஸ்கட்டும் கிளியின் உடலுக்கானவை அல்ல. பாலில் இருக்கும் சர்க்கரையை அதன் குடலால் செரிக்க முடியாது. பிஸ்கட்டில் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும். சூரியகாந்தி விதையை ஆசையாகத் தின்னும். ஆனால் அது பெரும்பாலும் கொழுப்பு, வைட்டமின் ஏ ஏறக்குறைய இல்லை, சுண்ணாம்புச் சத்தும் குறைவு. வருடக்கணக்கில் அதையே தின்றால் ஈரலில் கொழுப்பு படியும். அலகு நீண்டு வளைவது, வாய்க்குள் வெள்ளைத் திட்டு, ஓயாத தும்மல் இவையெல்லாம் அந்தக் குறைகளில் தெரியும் அடையாளங்கள்.

ஒரு நாளைக்கு தினை, சாமை, கம்பு, கொஞ்சம் நெல் கலந்து ஒரு மேசைக்கரண்டி. இரவு ஊறவைத்து முளைவிட்ட பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலை ஒரு மேசைக்கரண்டி. முருங்கைக்கீரை ஒரு கொத்து, காம்போடு கம்பியில் சொருகி வைத்தால் உருவிக்கொண்டே பொழுது போக்கும். கேரட், பரங்கிக்காய், பழுத்த மிளகாய் இவற்றில் தினம் ஏதாவது ஒன்று. மிளகாய்க் காரம் பறவைக்கு உறைக்காது, அதற்குத் தேவையான வைட்டமின் மட்டும் கிடைக்கும். கொய்யா, கோவைப்பழம், பப்பாளி ஒரு துண்டு. சூரியகாந்தி விதை நாளுக்கு நாலைந்து, அதுவும் கையில் வந்து வாங்கிக்கொள்ளும்போது மட்டும். அவகேடோ, சாக்லேட், டீ, காபி, உப்புப் போட்ட எதுவும் கிட்டவே வேண்டாம். ஊறவைத்ததும் நறுக்கியதும் நம் கடற்கரைப் புழுக்கத்தில் மூன்று நான்கு மணி நேரத்தில் கெட்டுவிடும். காலையில் வைத்ததை வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள். தண்ணீர் இரண்டு வேளையும் மாற்ற வேண்டும்.

இதை ஒரே நாளில் மாற்றினால் கிளி பட்டினி கிடக்கும். தெரியாத பொருளைத் தீனி என்றே அது நினைக்காது, ஒன்றிரண்டு நாள் வயிறு காய்ந்தாலே உடல் கவிழ்ந்துவிடும். ஆகவே பழைய விதையில் கால் பங்கை மட்டும் குறைத்து, அந்த இடத்தில் சிறுதானியத்தைச் சேருங்கள். நாலைந்து நாள் கழித்து இன்னொரு கால் பங்கு. மொத்தம் மூன்று, நான்கு வாரம் ஆகும். பிஸ்கட்டையும் தயிர்சாதத்தையும் மட்டும், சிறுதானியம் தின்பது உறுதியான அன்றே நிறுத்திவிடலாம். தின்கிறதா இல்லையா என்பதைக் கிண்ணத்தை வைத்துச் சொல்ல முடியாது, உமி குவிந்திருந்தால் நிறைந்த மாதிரியே தெரியும். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு டப்பாவை வைத்து, தினமும் காலையில் தீனிக்கு முன் எடை பாருங்கள். நல்ல கிளி 110 முதல் 140 கிராம் வரை இருக்கும். தொடங்கிய நாளில் 120 கிராம் என்றால், 108-க்கு இறங்கியதும் மாற்றத்தை நிறுத்திப் பழைய தீனிக்குத் திரும்புங்கள். எடைத் தாளைக் கிழித்துப் போட வேண்டாம், வாங்கிக்கொள்ளும் டாக்டருக்கு அதைவிடப் பயனுள்ள தாள் கிடையாது.

கூண்டுத் தட்டில் காகிதம் விரித்து, எச்சத்தைத் தினமும் பாருங்கள். பச்சைக் கெட்டி, வெள்ளைச் சுண்ணம், தெளிந்த நீர் என்று மூன்றும் இருந்தால் சரி. அந்த வெள்ளை, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரல் கோளாறோ கிளிக்காய்ச்சலோ இருக்கலாம். உடலை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்காருவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது இரண்டும் அவசரம். பறவை நோயை முடிந்த மட்டும் மறைக்கும், நம் கண்ணுக்குத் தெரியும்போது முற்றியிருக்கும். காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுத் துடைத்தெடுங்கள். கிளிக்காய்ச்சல் கிருமி அந்தத் தூசியில்தான் மனிதருக்கு வருகிறது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் சேர்ந்து வந்தால் கிளி இருப்பதை மருத்துவரிடம் கேட்காமலே சொல்லுங்கள். சொன்னால் சரியான மருந்தில் குணமாகக்கூடிய நோய், சொல்லாவிட்டால் சாதாரண சளி என்று நாள் தள்ளிப் போகும்.

ஒப்படைக்கும் இடத்துக்கு வருவோம். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் மாவட்ட வன அலுவலர் அலுவலகத்தையோ வனச்சரக அலுவலகத்தையோ அணுக வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த ஊரின் வனம் மற்றும் வன உயிரினத் துறை. இதில் நம் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. கடலூர் - புதுச்சேரி சாலையில் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கொஞ்சம் தள்ளி கன்னியக்கோயிலும் கிருமாம்பாக்கமும் புதுச்சேரி. சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆனால் அலுவலகம் வேறு. கிளி எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினால், ஒப்படைக்கப் போகிறவர் கடத்துகிறவராகத் தெரிவார். நடுவில் உடம்பு சரியில்லாமல் போய், புதுச்சேரி குரும்பாப்பட்டில் இருக்கும் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போக நினைத்தாலும், முதலில் உங்கள் பக்கத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

முதல் தடவை கிளியில்லாமல் போங்கள், அல்லது போனில் பேசுங்கள். ஒரு மனு இரண்டு பிரதி எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயர், முகவரி, கிளி எத்தனை, எப்போது எப்படி வந்தது, என்ன வயது, ரெக்கை கடைசியாக எப்போது வெட்டியது, என்ன சாப்பிடுகிறது, எந்த நோய்க்கு என்ன மருந்து கொடுத்தீர்கள், யாரும் கட்டாயப்படுத்தாமல் சொந்த விருப்பத்தில் ஒப்படைக்கிறீர்கள் என்பது. எதையும் மறைக்க வேண்டாம், பொய்த் தேதியும் வேண்டாம். ஒரு பிரதியில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளியின் முகம், விரித்த ரெக்கை, பாதம் மூன்றையும் போட்டோ எடுத்து இணையுங்கள். கேஸ் விஷயத்தில் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். வன உயிரினம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. தானாக வந்து கொடுப்பவர்களுக்கு மன்னிப்பு என்று சட்டம் எழுதி வைக்கவில்லை. தொகை கட்டி முடித்துக்கொள்ள 54-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது, முடிவு அதிகாரியுடையது. ஆனாலும் வீட்டில் வந்து பிடிபடுவதும் மனுவோடு நீங்களே போய் நிற்பதும் ஒன்றல்ல. பயம் அதிகமாக இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் மனுவைக் காட்டிவிட்டுப் போகலாம்.

கொண்டுபோகும் நாளில் பெரிய கூண்டு வேண்டாம். வண்டி குலுங்கும்போது கம்பியில் மோதி ரெக்கை ஒடியும். கிளி திரும்பி உட்காரும் அளவுள்ள கெட்டியான அட்டைப்பெட்டி போதும். நான்கு பக்கமும் ஒரு செ.மீ. ஓட்டைகள், அடியில் வழுக்காத துணி, தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் ஒரு கிளை. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதில் இரண்டு துண்டு கொய்யா. வெயிலுக்கு முன், காலை எட்டு மணிக்குள் கிளம்பி, அலுவலகம் திறக்கும் வரை நிழலில் வைத்திருங்கள். அது பழகிய தீனியை ஒரு வாரத்துக்கு ஆகும்படி பொட்டலம் கட்டிக் கொடுங்கள். புது இடம், புது முகம், புதுத் தீனி மூன்றும் ஒரே நாளில் வந்தால் கிளி தின்னாமல் உட்கார்ந்துவிடும்.

உங்கள் மகளைப் பற்றி. கிளி ஒருவரிடம் ஒட்டிக்கொண்டால் அவர் இல்லாத நாளில் ஏங்கி இறகைப் பிடுங்கும். ஆகவே ஒப்படைப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தீனியை வீட்டில் வேறு வேறு ஆட்கள் வைக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரரும் வைக்கட்டும். மகள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அது எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கும், எதைக் கண்டால் மிரளும், எந்தப் பழத்தை முதலில் எடுக்கும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் மனுவோடு போக வேண்டும். அவளிடம் 'காட்டுக்குப் போய்ச் சந்தோஷமாக இருக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அது உண்மையாக இல்லாமல் போகலாம்.

ஏனென்றால் ஒப்படைத்த எல்லாக் கிளியும் விடுவிக்கப்படுவதில்லை. முறையாகச் செய்தால் முதலில் ஒரு மாதமாவது மற்ற பறவைகளிடமிருந்து தனியாக வைத்து நோய்ச் சோதனை. பிறகு நீளமான பறப்புக் கூண்டில் தன் இனத்தோடு சேர்த்து, இறகு முளைத்து, சதை தேறும் வரை மாதக்கணக்கில் பயிற்சி. தானாக மரக்கிளையில் தீனி தேடுகிறதா, ஆளைக் கண்டால் விலகுகிறதா என்று பார்த்துத்தான் விடுவார்கள். அதையும் நம் கரையில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் செய்யக் கூடாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையைக் கடந்தது, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். அனுபவமுள்ள காட்டுக் கிளிக்கே தாங்காத காலம் அது. குஞ்சிலிருந்து மனிதர் ஊட்டிய உங்கள் கிளி இந்தச் சோதனைகளில் தேறாமல் போகவே வாய்ப்பு அதிகம். அப்போது உயிர்க்காட்சிச் சாலையிலோ மீட்பு மையத்திலோ தன் இனக் கிளிகளோடு பெரிய கூண்டில் வாழும். நல்ல பராமரிப்பில் இந்த இனம் இருபது முப்பது வருடம் இருக்கும், அதற்கு இன்னும் நீண்ட ஆயுள் பாக்கி. ஒரு மாதம் கழித்து மனு நகலோடு போய் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்.

மகள் கேட்பாள் என்று இன்னொரு குஞ்சை வாங்கிவிடாதீர்கள். தை முதல் சித்திரை வரை பனந்தோப்புகளில் பொந்தை வெட்டித் திறந்து எடுத்த குஞ்சுகள்தான் கூடையில் வருகின்றன, அப்படி வெட்டிய பொந்தில் அடுத்த வருடம் எந்தக் கிளியும் முட்டையிடாது. விற்பவரைப் பார்த்தால் விலை பேசாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். காற்றில் விழுந்த குஞ்சு கிடைத்தால், இறகு முளைக்காததாக இருந்தால் அதே பொந்தில் திரும்ப வையுங்கள், கைபட்டதால் தாய் ஒதுக்கிவிடாது. மரமே சாய்ந்திருந்தால் சோறோ பாலோ ஊட்டாமல், துணி விரித்த பெட்டியில் கதகதப்பாக வைத்து அன்றைக்கே வனத்துறைக்குப் போன் செய்துவிடுங்கள்.